ஐந்தாம் தந்தியின் சட்ஜமம்

பேன்ஜோவை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் எதையும் தொடாமல், வலது கையால் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். கொஞ்சம் கர்னாடக சங்கீதம் கேட்ட காதாக இருந்தால் போதும், உடனே பிடிபட்டுவிடும். மந்தர பஞ்சமம், சட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம். நான்கு தந்திக்கு நான்கு சுரம். ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. தண்டின் தலையிலிருந்து தொடங்காமல், ஐந்தாம் மெட்டுக்குப் பக்கத்தில் தனிப் பிரடை வைத்துக் கட்டியிருப்பார்கள். அதில் ஒலிப்பது மேல் சட்ஜமம்.

அமெரிக்கர்கள் இந்தச் சுருதி அமைப்பை 'ஓப்பன் ஜி' என்கிறார்கள். அந்த ஐந்தாம் தந்தியைப் பெரும்பாலும் விரலால் அழுத்துவதே கிடையாது. பாட்டு எங்கே போனாலும், கட்டைவிரல் நடுநடுவே அதைத் தொட்டுவிட்டுப் போகும். வீணையில் பக்கவாட்டில் ஓடும் தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் தொட்டுப் போகுமே, அந்த வேலைதான். என் அத்தை பீளமேட்டு வீட்டில் சாயங்காலங்களில் வீணை வாசிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேனே தவிர, நான் கற்றுக்கொண்டது பள்ளியில் வாய்ப்பாட்டு, அதுவும் அலங்காரம் வரைக்கும்தான். மிச்சத்தை வேலையும் குடும்பமும் எடுத்துக்கொண்டன. வட கரோலினாவில், ராலேயை ஒட்டிய கேரி நகரில், மருந்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் புள்ளிவிவர வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அறுபதைத் தாண்டிய பிறகுதான் என் கையில் முதன்முதலாக ஒரு வாத்தியம் வந்தது. அது பேன்ஜோ. கற்றுக்கொடுத்தது கணினித் திரை.

கோவையில் இருக்கும் அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் கேட்டார்: "ஏ அம்மிணி, டைப்ரைட்டர் மாதிரி கட்டை வெச்சுத் தட்டுவாங்களே, அதையா கத்துக்கறே?" அவர் சொன்னது வேறு வாத்தியம். நம் ஊர்க் கச்சேரிகளில் பேன்ஜோ என்று அழைக்கப்படுவது புல்புல் தாரா. 1912-ல் ஜப்பானின் நகோயாவில் உருவான தைஷோகோட்டோவின் வழிவந்தது. நான் சொல்லும் பேன்ஜோவின் உடம்பு ஒரு பறை. வட்டமான மரச் சட்டத்தின் மேல் தோலை இழுத்துக் கட்டி, அதிலிருந்து நீண்ட தண்டு புறப்படும். இப்போது தோலுக்குப் பதில் மைலார் என்ற பிளாஸ்டிக். சட்டத்தைச் சுற்றிலும் கொக்கிகளும் திருகாணிகளும். அவற்றை முடுக்கினால் மேல்தோல் விறைக்கும், நாதம் கூர்மையாகும்.

நான் இருக்கும் மாநிலத்தில் இந்த வாத்தியத்தைத் தவிர்த்துவிட்டு வாழ்வது கஷ்டம். 2013 முதல் 2024 வரை சர்வதேச ப்ளூகிராஸ் இசைச் சங்கத்தின் திருவிழா ராலேயில்தான் நடந்தது. ஃபேயட்வில் தெருவில் கார்களை நிறுத்திவிட்டு மேடை போட்டுவிடுவார்கள். பேன்ஜோவின் இன்றைய முகத்தையே மாற்றிய ஏர்ல் ஸ்க்ரக்ஸ் இந்த மாநிலத்துக்காரர். 1924-ல் கிளீவ்லேண்ட் மாவட்டத்தின் ஃபிளின்ட் ஹில்லில் பிறந்தவர். இளவயதில் ஷெல்பியில் ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்திருக்கிறார். அப்பா மில் குமாஸ்தாவாக இருந்த ஊரிலிருந்து வந்த எனக்கு, இந்தத் தகவலைப் படித்ததும் மனிதர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் என்று மூன்று விரலால் பேன்ஜோ வாசிப்பவர்கள் அவருக்கு முன்பே அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். அதைத் தடையில்லாத நீரோட்டமாக, மேடையின் நடுவே நிற்கும் கலையாக ஆக்கியவர் ஸ்க்ரக்ஸ். 1945 டிசம்பரில் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்தார். இன்று நாம் ப்ளூகிராஸ் என்று சொல்லும் இசைக்கு அந்தக் குழுவில்தான் உருவம் கிடைத்தது. 1949-ல் 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' பதிவானது. அதன் வேகத்தில் நொடிக்குப் பத்து சுரத்துக்குக் குறையாமல் விழும்.

கேட்பவருக்கு அது வெறும் வேகம். உள்ளே போய்ப் பார்த்தால் அது கணக்கு. மூன்று விரலும் மாறி மாறித் தந்திகளைத் தொடும் வரிசைக்கு 'ரோல்' என்று பெயர். ஒரு ரோலுக்கு எட்டு சுரம். கட்டைவிரல் மூன்றாம் தந்தி, ஆள்காட்டி இரண்டாம் தந்தி, கட்டைவிரல் ஐந்தாம் தந்தி, நடுவிரல் முதல் தந்தி. பிறகு கட்டைவிரல் நான்காம் தந்திக்குப் போக, மற்ற மூன்றும் அப்படியே திரும்ப வரும். இது நிதானமான ரோல், நாலு நாலாகப் பிரியும். 'ஃபார்வர்ட் ரோல்' என்று இன்னொன்று உண்டு. அதே எட்டுதான், ஆனால் மூன்று, மூன்று, இரண்டாகப் பிரியும். தகிட தகிட தக. ஆசிரியர் வீடியோவில் இதை எண்ணிக் காட்டிய அன்று, நான் வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். அலங்காரத்தோடு நின்றுபோன படிப்புதான், ஆனால் தகிட தகிட தக வாயில் அப்படியே இருந்தது. விரலுக்குப் புதிது, வாய்க்குப் பழையது. அதற்குப் பிறகு ரோல்களை எல்லாம் முதலில் வாயில் சொல்லித்தான் விரலுக்கு இறக்குகிறேன்.

வயது போனபின் கற்பவர்களுக்கு இந்த வாத்தியம் இடம் கொடுக்கும் என்று நான் நம்புவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. வயலின் மாதிரி சுருதி இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டாம், மெட்டுகள் இருக்கின்றன. தந்திகள் மெல்லியவை. இரும்புத் தந்தி கிட்டார்போல முரட்டுத்தனமாக அழுத்த வேண்டியதில்லை, விரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். தந்திகளைச் சும்மா மீட்டினாலே பொருந்திய நாதம் வரும் என்பதால், முதல் வாரத்திலேயே காதுக்கு ஏதோ கிடைத்துவிடும்.

மூளை விஷயத்திலும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 2007-ல் ஜெனிஃபர் பியூகோஸும் உடன் பணிபுரிந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 60 முதல் 85 வயது வரையிலானவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் தனித்தனியாகப் பியானோ சொல்லிக்கொடுத்தார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, குறிகளை வேகமாகப் பொருத்துவது போன்ற சோதனைகளில் அவர்கள் முன்னேறினார்கள். சிறிய ஆய்வுதான். புள்ளிவிவரத்தில் காலம் கழித்தவள் என்பதால், இதை வைத்துக்கொண்டு பேன்ஜோ வாசித்தால் மறதி வராது என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் வாசிப்பது அதற்காகவும் இல்லை. அந்த ஓசை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. சினிமாக்கள் பேன்ஜோவை வெள்ளைக்கார மலைக்கிராமத்தாரின் வாத்தியமாகக் காட்டிக் காட்டி, அமெரிக்கர்களே அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் இது ஆப்பிரிக்காவின் பிள்ளை. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களிடம் 'அக்கொன்டிங்' என்ற வாத்தியம் இன்றும் இருக்கிறது. சுரைக்குடுக்கையின் மேல் தோல், அதில் நீண்ட தண்டு, மூன்று தந்தி, அதில் ஒன்று குட்டைத் தந்தி. அடிமைக் கப்பல்களில் கொண்டுவரப்பட்ட மக்கள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டா வந்திருப்பார்கள்? நினைவில் கொண்டுவந்து, கரீபியத் தீவுகளில் கிடைத்த சுரையிலும் மரத்திலும் திரும்பச் செய்தார்கள். 1687-ல் ஜமைக்கா போன ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் அங்கே பார்த்த இத்தகைய வாத்தியங்களின் படத்தை 1707-ல் வெளியான தன் நூலில் சேர்த்தார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென் கரோலினாவில் வரையப்பட்ட 'தி ஓல்டு பிளான்டேஷன்' என்ற நீர்வண்ண ஓவியம் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்கள் கூடி ஆடும் காட்சி. ஓரத்தில் ஒருவர் சுரைக்குடுக்கை பேன்ஜோ வாசிக்கிறார். அதில் குட்டைத் தந்திக்கான பிரடை பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும். அந்த ஐந்தாம் தந்தியை ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்று ரொம்ப காலம் எழுதிவந்தார்கள். ஸ்வீனி பிறந்தது 1810-ல். ஓவியம் அதற்கு முந்தியது.

19ஆம் நூற்றாண்டில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை மேடையில் இழிவுபடுத்திய 'மின்ஸ்ட்ரல்' கூத்துகள் இந்த வாத்தியத்தை எடுத்துக்கொண்டன. ஸ்வீனி புகழ்பெற்றது அந்த மேடைகளில்தான். யாருடைய வாத்தியமோ, அவர்களைக் கேலி செய்யவே அது பயன்பட்டது. பின்னாளில் கறுப்பின இசைக்கலைஞர்கள் பலர் பேன்ஜோவை விட்டு விலகியதற்கு அது ஒரு காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்த வாத்தியத்தை எடுக்கும் யாரும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டுதான் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் மரபு அறுந்துவிடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மெபேன் என்ற ஊரில் ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பின ஃபிடில் கலைஞர் இருந்தார். 2005-ல் பூன் நகரில் கறுப்பின பேன்ஜோ கலைஞர்கள் கூடிய மாநாடு நடந்தது. அதில் சந்தித்த மூன்று இளைஞர்கள் எண்பது வயதைத் தாண்டியிருந்த அவர் வீட்டுக்குத் தொடர்ந்து போய், எதிரே உட்கார்ந்து வாசித்துக் கற்றுக்கொண்டார்கள். 'கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ்' குழு அப்படித்தான் பிறந்தது. அந்த மூவரில் ஒருவர் ரியானன் கிடன்ஸ். பியான்சேயின் 'டெக்ஸஸ் ஹோல்டெம்' பாட்டில் கேட்கும் பேன்ஜோ அவருடையது. 2025 ஏப்ரலில் டர்ஹம் நகரில் இந்த மரபுக்கென்றே அவர் ஒரு திருவிழா நடத்தினார்.

முழங்காலுக்கு முழங்கால் உட்கார்ந்து கற்பது இந்த வாத்தியத்தின் முதல் வழி. அதற்கு வாய்ப்பில்லாதவர்கள் எப்போதுமே இருந்தார்கள், அவர்களுக்கான வழியும் இருந்தது. 1948-ல் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் பேன்ஜோ கற்கும் கையேடு ஒன்றை எழுதி, வீட்டிலேயே படியெடுத்து வெளியிட்டார். ஒரு தலைமுறையே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஸ்க்ரக்ஸின் வேகத்தைக் காதால் பிரித்தெடுக்க விரும்பிய பையன்கள் இன்னொன்று செய்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 16 சுற்றில் ஓட்டினார்கள். வேகம் பாதியாகும், சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். கரகரவென்று கேட்கும் அந்த மந்தர ஸ்தாயியிலிருந்து ஒவ்வொரு சுரமாகப் பொறுக்கி எடுத்தார்கள். இன்று யூடியூபில் அரை வேகத்தில் வைத்தால் சுருதி இறங்குவதில்லை, ஆசிரியரின் வலது கை திரை முழுக்கத் தெரிகிறது, நான்கு நொடித் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டலாம். அந்தப் பையன்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆன்லைன் பாடங்களில் இரண்டு மூன்று வகை இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பவற்றில், எலி கில்பர்ட் என்பவர் முப்பது நாளுக்கு முப்பது பாடமாக யூடியூபில் போட்டிருக்கும் வரிசை அடியோடு புதிதாக வருபவருக்கு மிகவும் ஏற்றது. ஜாஷ் டர்க்னெட் என்ற நரம்பியல் மருத்துவர், மூளை ஒரு திறனை எப்படிப் படியவைத்துக்கொள்கிறது என்பதை வைத்தே பாடத்திட்டம் வகுத்திருக்கிறார். அவர் சொல்லிக்கொடுப்பது 'கிளாஹாமர்' பாணி, விரல் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியைத் தொடுவது. அந்தப் பாணிக்கு விரலில் பிக் என்ற மீட்டு உறை மாட்டிக்கொள்ள வேண்டாம், சத்தமும் கம்மி, அடுக்குமாடி வீட்டுக்கு ஒத்துவரும். வயதானவர்களுக்கு அதுதான் சுலபம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த ஓசையைக் கேட்டால் உங்களால் எழுந்து போக முடியவில்லையோ அந்தப் பாணியை எடுங்கள். தினமும் வாத்தியத்தைக் கையில் எடுக்க வைப்பது அந்த ஆசைதான், சுலபம் அல்ல.

அப்புறம் நேரலை வகுப்பு. வீடியோ அழைப்பில் ஆசிரியரும் நீங்களும் ஒரே நேரத்தில் இருப்பீர்கள், ஆனால் சேர்ந்து வாசிக்க முடியாது. ஓசை இணையம் வழியாகப் போய்வர நொடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகிவிடும். நொடிக்குப் பத்து சுரம் விழும் இசையில், ஒருவர் வாசிப்பது அடுத்தவருக்கு ஒரு சுரம் தள்ளிக் கேட்கிறது. தாளம் நிற்காது. அதனால் அவர் வாசிக்க நீங்கள் கேட்பீர்கள், நீங்கள் வாசிக்க அவர் கேட்பார், மாறி மாறி.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வகை, வீடியோ பரிமாற்றம். டோனி ட்ரிஷ்கா என்ற பெரிய கலைஞர் ஆர்ட்டிஸ்ட்வொர்க்ஸ் தளத்தில் இதே முறையில்தான் பேன்ஜோ பள்ளி நடத்துகிறார். நான் சேர்ந்திருப்பது அதைவிடச் சின்ன வகுப்பு, ஆசிரியர் இந்த மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதிக்காரர். பாடங்கள் முன்பே பதிவு செய்யப்பட்டவை. அவற்றைப் பார்த்துப் பழகி, நம் வாசிப்பை ஓரிரு நிமிடம் படமெடுத்து அனுப்ப வேண்டும். சில நாளில் அவர் பதில் வீடியோ அனுப்புவார். இதில் முக்கியமானது என்னவென்றால், கேள்வியும் பதிலும் வகுப்பில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும்.

ஓஹையோவில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் எங்கள் வகுப்பில் இருக்கிறார். 'கிரிப்பிள் கிரீக்', அதாவது நமக்கு சரளி வரிசை மாதிரி இங்கே எல்லோரும் முதலில் கற்கும் மெட்டு, அதை வாசித்து அனுப்பியிருந்தார். சுரமெல்லாம் சரி, ஆனாலும் ஏதோ நொண்டியது. ஆசிரியர் பதிலில் மெட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அவருடைய வலது மணிக்கட்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, மோதிரவிரலும் சுண்டுவிரலும் தோலின் மேல் ஊன்றி நிற்க வேண்டிய இடத்திலிருந்து ஒவ்வொரு தடவை நடுவிரல் மீட்டும்போதும் சுண்டுவிரல் எழும்புவதைக் காட்டினார். விரல் எழும்பினால் கை மிதக்கும், கை மிதந்தால் அடுத்த சுரம் பிந்தும். "பாட்டை ஒரு வாரம் மறந்துவிடுங்கள். டெலிவிஷன் பார்க்கும்போது மூன்றாவது, இரண்டாவது, ஐந்தாவது, முதல் தந்தி, இதை மட்டும் செய்யுங்கள். சுண்டுவிரல் நகர்ந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்" என்றார். பதிவு செய்த பாடத்தை நூறு தடவை பார்த்திருந்தாலும் அந்த ஓட்டுநருக்கு இது தெரிந்திருக்காது. திரை நமக்குக் காட்டும், நம்மைக் கேட்காது. ஆன்லைனில் எந்த வாத்தியம் கற்பவருக்கும் நான் அடித்துச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: மாதத்தில் ஒரு தடவையாவது இன்னொரு மனிதரின் காதில் உங்கள் வாசிப்பு விழ வேண்டும். காசு கொடுத்துச் சேர்வதற்கு முன்னால், அதற்கு வழியிருக்கிறதா என்று கேளுங்கள்.

வாத்தியத்தைப் பொறுத்தவரை, புதிதாக வாங்குபவர்கள் பலரும் போவது டீரிங் நிறுவனத்தின் 'குட்டைம்' வகைக்கு. கலிஃபோர்னியாவில் மேப்பிள் மரத்தில் செய்கிறார்கள். எடை குறைவு, மடியில் சுமையாக இருக்காது. பின்புறம் திறந்ததும் கிடைக்கும், மூடியதும் கிடைக்கும். மூடியது முன்பக்கமாக ஓசையைத் தள்ளும், ஆனால் கனக்கும்.

எந்த பேன்ஜோ வாங்கினாலும் குதிரையை நகர்த்தத் தெரிந்துகொள்வது அவசியம். பேன்ஜோவின் குதிரை ஒட்டப்பட்டது அல்ல, தந்திகளின் அழுத்தத்தில் தோல் மேல் நிற்கிறது. பயணத்திலோ தந்தி மாற்றும்போதோ நகர்ந்துவிடும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை அழுத்தாமல் விரல்நுனியால் தொட்டபடி மீட்டி, உடனே விரலை எடுத்தால் மணி மாதிரி ஒரு நாதம் எழும். அடுத்து அதே மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் குதிரை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அழுத்திய சுரம் தூக்கலாக இருந்தால் குதிரையைத் தண்டிலிருந்து தள்ளி நகர்த்த வேண்டும், இறங்கி இருந்தால் தண்டை நோக்கி. மயிரிழை மயிரிழையாக. இதை ஒரு தடவை காதால் செய்து பார்த்தவர்களுக்குச் சுருதி பார்க்கும் கருவி சொல்லாத ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

வகுப்பில் கற்றதை எடுத்துக்கொண்டு நான் போவது டர்ஹம் பக்கம் ஒரு கடையின் பின்னறையில் நடக்கும் நிதான ஜாமுக்கு. ஃபிடில், மாண்டலின், கிட்டார், நின்றபடி வாசிக்கும் ஒரு பெரிய பேஸ், இரண்டு மூன்று பேன்ஜோ. வட்டமாக உட்கார்ந்து, தொடக்கக்காரர்களும் தொடர்ந்து வரக்கூடிய வேகத்தில் வாசிப்பார்கள். ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்வார். ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும், முடிக்கும் நேரம் வந்தால் தொடங்கியவர் ஒரு காலைத் தூக்குவார். அது கடைசிச் சுற்று என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் எவ்வளவு பழகினாலும் கிடைக்காத ஒன்றை நான் இங்கேதான் கற்கிறேன். ஒரு சுரம் தவறினாலும் நின்றுவிடாமல், அடுத்த தட்டில் வந்து சேர்ந்துகொள்வது.

ஃபிடில்காரர்களுக்கு 'ஏ' சுருதி பிடிக்கும். அதற்கு நான்கு தந்திகளுக்கும் இரண்டாம் மெட்டில் காப்போ என்ற கவ்வியை மாட்டலாம், ஆனால் குட்டையான ஐந்தாம் தந்திக்கு அது எட்டாது. அந்தத் தந்திக்குப் பக்கத்தில் ஏழாம் மெட்டருகே குண்டூசித் தலையளவு ஒரு ஆணி அறைந்து, தந்தியை அதற்கடியில் செருகுகிறார்கள். அந்த ஆணிகள் பொம்மை ரயில் தண்டவாளத்துக்காகச் செய்யப்பட்டவை. பொழுதுபோக்கு ரயில் கடையில் வாங்கி, வாத்தியம் பழுது பார்ப்பவர்கள் தண்டில் இறக்குகிறார்கள். என்னுடையதில் இறக்கித் தந்தவர் வேலை முடியும்வரை பேசவே இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டு தட்டினார்.

அந்த ஜாமில் ஒரு நாள், "உங்கள் ஊர்ப் பாட்டு ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டார்கள். கமகம் வேண்டும் ராகங்கள் மெட்டு வைத்த பேன்ஜோவில், என் கையில், வராது. ஆனால் நம்மிடம் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டும் ஐரோப்பியர்களின் ஃபிடிலும் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நாற்பதை ஒட்டிய உருப்படிகள், எல்லாம் சங்கராபரணம், கமகம் இல்லாமல் நேராகப் போகும் சுரங்கள். அவற்றில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகளும் உண்டு. அதே தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் ஃபிடிலோடு அப்பலாச்சிய மலைக்கும் வந்தார்கள். அங்கேதான் அந்த ஃபிடிலும் ஆப்பிரிக்காவின் பேன்ஜோவும் சேர்ந்தன. அதே ஃபிடிலைத்தான் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி கற்று, கர்னாடக இசைக்குள் கொண்டுவந்தார். இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிவிட்டு 'ஸ்யாமளே மீனாட்சி' வாசித்தேன். ஐரோப்பியக் குழந்தைகள் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடும் மெட்டு அது, முதல் வரியிலேயே ஃபிடில்காரர் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார்.

பிறகு அதை ஐந்து கோட்டு டேப் குறியீட்டில் எழுதி, தீட்சிதர் கதையையும் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பினேன். அவர் அதற்கு ஒரு ஃபார்வர்ட் ரோல் போட்டு, வகுப்பில் எல்லோரும் பழகும்படி வைத்துவிட்டார். போன வாரம் ஓஹையோ ஓட்டுநரின் வீடியோ வந்திருக்கிறது. சுண்டுவிரல் இப்போது அசையாமல் நிற்கிறது, கடைசியில் ஸ்க்ரக்ஸ் பாணியில் சொந்தமாக ஒரு முடிவு வேறு. மத்யமத்துக்கு இரண்டாம் தந்தியை முதல் மெட்டில் அழுத்த வேண்டும், அவர் அழுத்தாமல் மீட்டிவிடுவதால் அங்கே காந்தாரம் ஒலிக்கிறது. "தமிழ் மேடம் இதைக் கேட்டுச் சொல்லட்டும்" என்று முடித்திருந்தார். நாளைக்கு வெளிச்சம் இருக்கும்போது, இடது கை நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்து, அந்த வரியை மட்டும் மெதுவாக வாசித்துப் பதில் வீடியோ எடுக்கப் போகிறேன்.